இருநூறு டன் தண்ணீர்

1

"தம்பி, பாதி இன்டு நாப்பது இன்டு நாப்பது எவ்வளவு?"

போனை எடுத்ததும் வந்த முதல் கேள்வியே இதுதான். பேசியவர் வாழ்நாளெல்லாம் அணைகளில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பொறியாளர். எழுபது வயதிருக்கும். ஓய்வுக்குப் பிறகு ஒரு சிறிய ஆலோசனை நிறுவனத்தில் பழைய அணைகள் இன்னும் எவ்வளவு தாங்கும் என்று பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார். நாங்கள் எழுதும் மென்பொருளை அந்த நிறுவனம் பயன்படுத்தியது.

"எண்ணூறு, சார்."

"ஒரு மீட்டர் அகலத்துக்கு எண்ணூறு டன். நம்ம பிளாக் பதினஞ்சு மீட்டர் அகலம். அப்ப?"

"பன்னிரண்டாயிரம்."

"உங்க சாஃப்ட்வேர் பதினோராயிரத்து எண்ணூறுங்குது. நாப்பது மீட்டருக்கு தண்ணி நிக்குது தம்பி. மீதி இருநூறு டன் எங்க போச்சு?"

அவர் சொன்னது பொறியியல் கல்லூரி இரண்டாம் வருடக் கணக்கு. தண்ணீரின் அழுத்தம் மேலே பூஜ்யம், கீழே போகப்போக ஆழத்துக்கு ஏற்பக் கூடும். சராசரி, அடியில் இருப்பதில் பாதி. அதை உயரத்தால் பெருக்கினால் அணையை நீர் தள்ளும் மொத்த விசை வந்துவிடும். அதே அளவு விசையை அஸ்திவாரம் எதிர்த்திசையில் திருப்பித் தர வேண்டும். இல்லையென்றால் அணை நகர்ந்துவிடும். இதற்குக் கணினி தேவையில்லை, பேனாகூடத் தேவையில்லை.

எங்கள் மென்பொருள் 5 லட்சம் புள்ளிகளில், 1,024 கோர்களில், ஒரே நேரத்தில் கணக்கிட்டு 11,800 என்று சொன்னது. அவர் மனக்கணக்காக 12,000 என்றார். அவர்தான் சரி.

இது எப்படி நடந்தது என்று சொல்ல ஒரு பக்கம் போதும். நடந்தபோது நான் எப்படி நடந்துகொண்டேன் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. ஏனென்றால், அந்த போன் வருவதற்கு மூன்று வாரம் முன்பே அவர் ஒரு மெயில் அனுப்பியிருந்தார். "8 கோரில் ஓட்டினால் ஒரு விடை, 1,024 கோரில் ஓட்டினால் வேறு விடை. எது சரி?" அதற்குப் பதில் எழுதியது நான். நல்ல பதில். ஒவ்வொரு வாக்கியமும் உண்மை. ஆனாலும் இன்றுவரை நினைத்து வெட்கப்படுவது அந்தப் பதிலை நினைத்துத்தான்.

2

நான் சிவில் படித்துவிட்டு கோட் எழுதப் போனவன். எங்கள் பேட்ச்சில் பாதிப்பேர் அப்படித்தான். ஒரே வித்தியாசம், சுற்றிச்சுற்றி மறுபடி கான்கிரீட்டுக்கே வந்து சேர்ந்தேன். பெரிய அமைப்புகளின் வலிமையைக் கணக்கிடும் மென்பொருளில், கணக்கைப் பல பிராசசர்களுக்குப் பிரித்துக்கொடுக்கும் பகுதி என்னுடையது.

ஓர் அணையோ பாலமோ எந்த இடத்தில் எவ்வளவு வளையும் என்பதை ஒரே சூத்திரத்தில் கண்டுபிடித்துவிட முடியாது. அதனால் அதைக் கற்பனையில் சின்னச்சின்னக் கட்டிகளாக வெட்டிக்கொள்கிறோம். ஒவ்வொரு கட்டியும் ஒரு எலிமென்ட், அதன் மூலைகள் நோடுகள். ஒரு கட்டி எப்படி நடந்துகொள்ளும் என்பது எளிது, கிட்டத்தட்ட ஒரு ஸ்பிரிங் மாதிரி. எல்லாக் கட்டிகளின் சமன்பாடுகளையும் சேர்த்து எழுதி, மொத்தமாகத் தீர்த்தால் முழு அணையின் நடத்தை கிடைக்கும். விமான இறக்கைகளுக்காக இதை டர்னர், கிளஃப், மார்ட்டின், டாப் என்ற நால்வர் 1956-இல் ஒரு கட்டுரையாக எழுதினார்கள். 'ஃபைனைட் எலிமென்ட்' என்ற பெயரை கிளஃப் 1960-இல் வைத்தார்.

ஒரு நோடு மூன்று திசைகளில் நகரலாம். 5 லட்சம் நோடு என்றால் 15 லட்சம் தெரியாத எண்கள், 15 லட்சம் சமன்பாடுகள். நின்றுகொண்டிருக்கும் அணைக்கு ஒருமுறை தீர்த்தால் போதும், ஒரே கணினியில்கூட முடித்துவிடலாம். நிலநடுக்கம் வந்தால் என்ன ஆகும் என்று கேட்டால், ஒரு நொடியை நூறாகப் பிரித்து, ஒவ்வொரு பங்குக்கும் ஒருமுறை தீர்க்க வேண்டியிருக்கும். அங்கேதான் பிரித்துக்கொடுக்கும் தேவை வருகிறது. கட்டடங்கள் மட்டுமில்லை. 2004-இல் அமெரிக்காவின் ஆஸ்கி ஒயிட் கணினியில் 4,000-க்கும் மேற்பட்ட பிராசசர்களை வைத்து, 50 கோடிக்கு மேல் தெரியாத எண்கள் உள்ள ஒரு கணக்கைத் தீர்த்தார்கள். கணக்கிடப்பட்ட 'அமைப்பு' மனித முதுகெலும்பின் ஒரு எலும்பு.

இப்போது என்னுடைய அந்த நல்ல பதிலுக்கு வருகிறேன்.

கணினி ஓர் எண்ணைச் சுமார் 16 இலக்கத் துல்லியத்தில்தான் வைத்துக்கொள்ளும். நூறு கோடி கோடியோடு, அதாவது 1-க்குப் பின்னால் 16 பூஜ்யம் உள்ள எண்ணோடு, 1-ஐக் கூட்டினால் அந்த 1 காணாமல் போய்விடும். அதன்பின் அந்தப் பெரிய எண்ணைக் கழித்தால் விடை 0. முதலில் கழித்துவிட்டுப் பிறகு 1-ஐக் கூட்டினால் விடை 1. பள்ளிக்கூடத்தில் எந்த வரிசையில் கூட்டினாலும் ஒன்றுதான் என்று படித்தோமே, அது கணினிக்குள் செல்லாது. ஆயிரம் பிராசசர்கள் தங்கள் பங்கைக் கணக்கிட்டு அனுப்பும்போது எது முதலில் வந்து சேரும் என்று உறுதி கிடையாது. கூட்டும் வரிசை மாறும், கடைசி இலக்கங்கள் மாறும். ஒரே கணக்கை இரண்டு முறை ஓட்டினால் 15-ஆவது இலக்கத்தில் இரண்டு விடை வரலாம். அது பிழை இல்லை, அதன் இயல்பு.

இதையெல்லாம் அழகாக விளக்கி, எடுத்துக்காட்டோடு எழுதி அனுப்பினேன். "பேரலலாக ஓட்டும்போது இது சகஜம், கவலைப்பட வேண்டாம்" என்று முடித்தேன்.

அவர் அனுப்பியிருந்த இரண்டு விடைகளும் மூன்றாவது இலக்கத்தில் வேறுபட்டிருந்தன. பதினைந்தாவதில் இல்லை, மூன்றாவதில். அந்த எண்களை நான் பார்க்கவே இல்லை. இந்த மாதிரிக் கேள்வி மாதத்துக்கு இரண்டு வரும், அதற்கு ஒரு பதில் தயாராக இருந்தது. ஓர் உண்மையைச் சொல்லியே ஒரு கேள்வியைத் துரத்திவிடலாம் என்று அன்றைக்குத் தெரியாது. பொய் சொல்லியிருந்தால் மனசு எங்காவது ஒரு மூலையில் குறுகுறுத்திருக்கும்.

3

ஒரு கணக்கை ஆயிரம் பேருக்குப் பிரித்துக்கொடுப்பது எப்படி என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். என் கேள்வி அதற்குள்தான் இருக்கிறது.

அணையை 1,024 துண்டுகளாக வெட்டுகிறோம். ஆளுக்கு ஒன்று. ஒவ்வொரு பிராசசருக்கும் தன் துண்டு மட்டும்தான் தெரியும். அணை என்று ஒன்று இருப்பதே தெரியாது. பக்கத்துத் துண்டோடு ஒட்டும் எல்லையில் மட்டும் எண்களைப் பரிமாறிக்கொள்ளும். இந்தப் பேச்சுக்கு நேரமாகும். பிராசசர் ஒரு செய்திக்காகக் காத்திருக்கும் நேரத்தில் ஆயிரக்கணக்கான பெருக்கல்களைச் செய்து முடித்துவிடலாம். அதனால் எல்லைகள் முடிந்தவரை சிறிதாக இருக்கும்படி வெட்டுவதுதான் எங்கள் தொழிலின் சாமர்த்தியம். குறைவாகப் பேசு, நிறைய வேலை செய். மேனேஜர்கள் மிகவும் விரும்பும் தத்துவம்.

துண்டுகளாகத் தீர்த்து ஒட்டலாம் என்ற யோசனை கணினிக்கு முந்தியது. 1870-இல் ஹெர்மன் ஷ்வார்ட்ஸ் என்ற ஜெர்மானியக் கணிதவியலாளர் ஒரு வட்டமும் ஒரு செவ்வகமும் ஒன்றன்மீது ஒன்று ஏறிய ஓர் உருவத்தை எடுத்துக்கொண்டார். முழு உருவத்துக்கும் நேரடியாகத் தீர்வு தெரியாது, தனித்தனியே தெரியும். வட்டத்தில் தீர்த்து, எல்லையில் வந்த விடையைச் செவ்வகத்துக்குக் கொடுத்து, செவ்வகத்தில் தீர்த்து, அதைத் திரும்ப வட்டத்துக்குக் கொடுத்து, இப்படியே மாற்றிமாற்றிப் போனால் இரண்டும் ஒத்துப்போகும் இடத்துக்கு வந்து சேரும் என்று நிரூபித்தார். எனக்குப் பிடித்த நிரூபணம். இருவர் பொறுமையாகப் பேசிக்கொண்டே இருந்தால் உடன்பாடு வரும் என்பதற்குக் கணிதத்தில் ஒரு சாட்சி இருக்கிறதே என்று.

துண்டுகள் ஆயிரமாகும்போது வேறொரு சிக்கல் வருகிறது. அணையின் அடியில் உள்ள துண்டுகள் அஸ்திவாரத்தைத் தொட்டுக்கொண்டிருக்கின்றன. நடுவில் இருக்கும் துண்டுக்கு அஸ்திவாரமே கிடையாது. அதைத் தனியே எடுத்துப் பார்த்தால் அந்தரத்தில் தொங்குகிறது. லேசாகத் தள்ளினால் எங்கே போய் நிற்கும் என்று அதன் சமன்பாடுகளால் சொல்ல முடியாது. மூன்று திசைகளில் நகரலாம், மூன்று அச்சுகளில் சுழலலாம். இப்படிப்பட்டவற்றை நாங்கள் மிதக்கும் துண்டுகள் என்போம். தனக்குள் எவ்வளவு திரிபு என்று அதனால் துல்லியமாகச் சொல்ல முடியும். தான் எங்கே இருக்கிறோம் என்று மட்டும் தெரியாது.

பக்கத்துத் துண்டுகளோடு மட்டும் பேசி இதைச் சரிசெய்ய முயன்றால், ஒரு சுற்றுக்கு ஒரு துண்டு தூரம்தான் சேதி நகரும். அணையின் உச்சியில் இருக்கும் துண்டுக்கு அஸ்திவாரத்தின் சேதி வந்து சேர எத்தனை சுற்று ஆகும்? துண்டுகள் கூடக்கூட இழுத்துக்கொண்டே போகும். 1991-இல் சார்பெல் ஃபர்ஹாத், ஃபிரான்சுவா-சேவியே ரூ இருவரும் வெளியிட்ட முறையில் இதற்கு ஒரு வழி இருந்தது. மிதக்கும் துண்டு ஒவ்வொன்றும் அதிகபட்சம் ஆறு எண்களை ஒரு பொதுக்கணக்குக்குக் கொண்டுவர வேண்டும். நான் எவ்வளவு நகர்ந்திருக்கிறேன், எவ்வளவு சுழன்றிருக்கிறேன். அந்தச் சிறிய கணக்கில் எல்லாத் துண்டுகளுக்கும் பங்குண்டு. 1,024 துண்டு என்றால் 6,000 சொச்சம் எண்கள். 15 லட்சத்துக்கு முன்னால் அது ஒன்றுமே இல்லை. ஆனால் அது இல்லாவிட்டால் மீதிக் கணக்கு திசை தெரியாமல் அலையும்.

அந்தப் பொதுக்கணக்கு கரடுமுரடானது. அதில் அணையின் நுணுக்கம் எதுவும் இல்லை. ஒரு குழந்தை வரைந்த அணை மாதிரி இருக்கும். ஆனால் அது முழு அணை.

4

இருநூறு டன் எங்கே போனது என்று கண்டுபிடிக்க இரண்டு நாள் ஆனது.

எல்லையில் இருக்கும் ஒரு நோடு பல துண்டுகளுக்குப் பொதுவானது. அந்த நோடில் விழும் நீரழுத்தத்தை யாராவது ஒருவர், ஒரே ஒருவர், கணக்கில் சேர்க்க வேண்டும். இருவர் சேர்த்தால் பாரம் இரட்டிப்பாகும். யாரும் சேர்க்காவிட்டால் மறைந்துபோகும். பங்கு பிரிக்கும் பகுதியை நான் எழுதினேன். பாரம் சேர்க்கும் பகுதியை என் நண்பன் எழுதினான். இரண்டு துண்டுகள் சந்திக்கும் நோடுகளுக்குத் தெளிவான விதி வைத்திருந்தோம்: எண் குறைவான துண்டு சேர்க்கும். நான்கு துண்டுகள் சந்திக்கும் மூலைகள், நாற்சந்திகள், அவற்றுக்கு? என் கோடில் ஒரு குறிப்பு இருந்தது: "இரண்டுக்கு மேல் இருந்தால் பாரப் பகுதி முடிவுசெய்யும்." அவன் கோடில் ஒரு குறிப்பு இருந்தது: "யார் சேர்ப்பது என்று முன்பே முடிவாகிவிட்டது எனக் கொள்க."

இரண்டு குறிப்புகளையும் ஒரே திரையில் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்த அந்த நிமிடம் நன்றாக நினைவிருக்கிறது. இருவரும் சிரித்துவிட்டோம். அப்புறம் சிரிப்பு நின்றது.

எங்கள் சோதனைகள் எல்லாமே பாஸ். ஏனென்றால் நாங்கள் நீளமான பீம்களை வைத்துத்தான் சோதித்தோம். நீளமான பொருளை வாழைப்பழம் நறுக்குவதுபோல் குறுக்கே வெட்டினால் எந்த இடத்திலும் இரண்டு துண்டுகளுக்கு மேல் சந்திக்காது. எட்டுத் துண்டுகளில் அணையை வெட்டியபோதும் அப்படித்தான் அமைந்தது, விடை சரியாக வந்தது. 1,024 துண்டுகளில் நாற்சந்திகள் நூற்றுக்கணக்கில் முளைத்தன. அறுபது நோடுக்கு ஒன்று என்ற கணக்கில் தண்ணீர் ஒழுகியது.

மென்பொருளுக்குள் ஒரு சரிபார்ப்பும் இருந்தது. மொத்த பாரமும் அஸ்திவாரத்தின் மொத்த எதிர்விசையும் சமமா என்று பார்க்கும். அதுவும் பாஸ். 11,800 டன் ஏற்றினோம், 11,800 டன் திரும்பி வந்தது. தனக்குள் எந்த முரணும் இல்லாத தவறு. வெளியே இருந்து ஒருவர் "நாப்பது மீட்டர் தண்ணி நிக்குது தம்பி" என்று சொன்னால்தான் உடையும்.

பிறகு மீட்டிங். யார் தவறு என்று நேரடியாக யாரும் கேட்கவில்லை, எங்கள் துறையில் அப்படிக் கேட்பது நாகரிகமில்லை. ஆனால் நானும் நண்பனும் ஆளுக்கொரு மெயிலில் சோதனை முடிவுகளை இணைத்து அனுப்பினோம். எல்லாம் பச்சை. என் பங்கு சரி, அவன் பங்கும் சரி. ஓர் அமைப்பு உருவாக்கும் பொருள், அந்த அமைப்புக்குள் யார் யாரோடு பேசுகிறார்கள் என்பதன் சாயலில்தான் இருக்கும் என்று மெல்வின் கான்வே 1968-இல் எழுதினார். எங்கள் அணையில் இருந்த ஓட்டை எங்கள் இரண்டு மேசைகளுக்கு நடுவில் இருந்த இடைவெளிதான். நாங்களும் எல்லையைச் சிறிதாக வைத்துக்கொண்டவர்கள். குறைவாகப் பேசினோம், நிறைய வேலை செய்தோம்.

அந்த மீட்டிங்கில் இன்னொன்றும் பேசப்பட்டது. இந்தப் பிழையுள்ள பதிப்பு எட்டு மாதமாக வெளியில் இருக்கிறது. பயன்படுத்திய எல்லோருக்கும் எழுதிச் சொல்வதா, அடுத்த பதிப்பில் சத்தமில்லாமல் சரிசெய்துவிடுவதா? "ஒன்றரை, ஒன்னேமுக்கால் பெர்சென்ட்தானே. சேஃப்டி ஃபேக்டர் முழுங்கிடும்" என்றார் ஒருவர். யாரும் மறுக்கவில்லை. நானும் மறுக்கவில்லை.

மாலையில் பெரியவருக்கு போன் செய்து நடந்ததைச் சொன்னேன். முதல் மெயிலுக்கு நான் எழுதிய பதிலுக்கு மன்னிப்பும் கேட்டேன். "அது போகட்டும். சரி பண்ணிட்டீங்கல்ல?" என்றார். "அடுத்த ரிலீஸ்ல வந்துடும், சார்." கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "ஏற்கெனவே ஓட்டினவங்களுக்கு?"

எனக்கு வாய் வரவில்லை.

5

"சேஃப்டி ஃபேக்டர் முழுங்கிடும்" என்ற வாக்கியத்தை யோசிக்கும்போதெல்லாம் எனக்கு ஸ்லைப்னர் ஞாபகம் வரும்.

1991 ஆகஸ்ட் 23. நார்வேயின் ஸ்டவாங்கருக்கு அருகில் ஒரு ஃபியோர்டில், வட கடலின் ஸ்லைப்னர் வயலுக்காகக் கட்டப்பட்ட மாபெரும் கான்கிரீட் அடித்தளத்தை நீரில் மெல்ல இறக்கிச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். 24 கான்கிரீட் அறைகள் ஒட்டி நின்ற அமைப்பு. அவற்றில் நான்கு மேலே நீண்டு தூண்களாகி, 57,000 டன் மேல்தளத்தைத் தாங்க வேண்டும். சுமார் 65 மீட்டர் ஆழம் வந்தபோது ஒரு சுவர் விரிந்தது. நீர் உள்ளே பாய்ந்தது, பம்புகளால் ஈடுகொடுக்க முடியவில்லை. உள்ளே இருந்தவர்கள் வெளியேறிவிட்டார்கள், யாரும் சாகவில்லை. அமைப்பு மூழ்கி, அறைகள் நீரழுத்தத்தில் நொறுங்கி, அடியில் மோதியபோது ஏற்பட்ட அதிர்வு ரிக்டர் அளவில் 3 எனப் பதிவானது. இழப்பு சுமார் 70 கோடி டாலர்.

விசாரணையில் தெரிந்தது: மூன்று அறைகள் சந்திக்கும் மூலைச் சுவர்களில் ஃபைனைட் எலிமென்ட் கணக்கு வெட்டு விசையை 47 சதவீதம் குறைவாகக் காட்டியிருந்தது. அந்த இடத்தில் எலிமென்ட்கள் பெரிதாகவும் கோணலாகவும் இருந்தன. சுவர் தேவையான தடிமனில் இல்லை. அதோடு அந்தச் சுவருக்குள் போட்ட கம்பிகள் போதிய தூரத்துக்கு உள்ளே போய்ப் பிடித்துக்கொள்ளவும் இல்லை. விபத்துக்குப் பிறகு கவனமாகப் போட்ட கணக்கு, 62 மீட்டரில் உடையும் என்றது. உடைந்தது 65-இல். கணக்கிடும் முறையில் கோளாறில்லை என்பதற்கு இதைவிட வேதனையான சான்று கிடையாது.

ஸ்லைப்னர் கணக்கு ஆயிரம் பிராசசர்களில் ஓடியதில்லை. பிரிக்கப்பட்டது மனிதர்களின் வேலை. மெஷ் போட்டவர், விடையைப் படித்தவர், கம்பி வரைந்தவர், சுவர் எழுப்பியவர். அங்கேயும் உடைந்தது மூன்று அறைகள் சந்திக்கும் இடத்தில்தான் என்பது தற்செயல். அதிலிருந்து நீதி எடுப்பது கவிதையாகிவிடும், வேண்டாம். நான் எடுத்துக்கொள்வது வேறு. கணக்கில் கொஞ்சம் பிசகினால் வடிவமைப்பு தாங்கும் என்று ஒருவர் நினைக்கலாம். வடிவமைப்பில் கொஞ்சம் பிசகினால் கான்கிரீட்டில் மிச்சமிருக்கும் பலம் தாங்கும் என்று இன்னொருவர் நினைக்கலாம். பாதுகாப்பு மிச்சம் என்பது ஒரு கூட்டுக்கணக்கு. அதிலிருந்து எடுப்பவர்கள் ஒருவர் எடுத்தது இன்னொருவருக்குத் தெரியாமலே எடுக்கிறார்கள். எங்கள் 1.7 சதவீதத்தை முழுங்கிடும் என்று சொன்னவர், அந்த மிச்சத்திலிருந்து மற்றவர்கள் எவ்வளவு எடுத்திருக்கிறார்கள் என்று தெரிந்து சொல்லவில்லை. யாருக்கும் தெரியாது. அதனால்தான் அதை எடுக்க யாருக்கும் உரிமை இல்லை.

6

ராஜாவின் பால் தொட்டிக் கதையை எல்லோரும் கேட்டிருப்போம். ஊரில் ஆளுக்கொரு செம்பு பால் இரவோடு இரவாகத் தொட்டியில் ஊற்ற வேண்டும் என்று ஆணை. எல்லோரும் பால் ஊற்றுவார்கள், நாம் ஒருவர் தண்ணீர் ஊற்றினால் யாருக்குத் தெரியும் என்று எல்லோரும் நினைத்தார்கள். விடிந்து பார்த்தால் தொட்டி முழுக்கத் தண்ணீர். சின்ன வயதில் இந்தக் கதை எனக்குப் பொறுப்பின் முழு இலக்கணமாகத் தெரிந்தது. உன் பங்கை ஒழுங்காகச் செய், ஊர் நன்றாக இருக்கும்.

எங்கள் கதையில் யாரும் தண்ணீர் ஊற்றவில்லை. எல்லோரும் பால்தான் ஊற்றினோம். தொட்டி நிறையவில்லை. பால் கதையின் ஒழுக்கம் இங்கே செல்லாமல் போகிறது. அரசியல் சிந்தனையாளர் டென்னிஸ் தாம்சன் 1980-இல் இதற்குப் 'பல கைகளின் சிக்கல்' என்று பெயர் வைத்தார். ஒரு முடிவில் பலர் பலவிதமாகப் பங்கெடுக்கும்போது, விளைவுக்கு இன்னார்தான் பொறுப்பு என்று காட்டுவதே கடினமாகிறது. அவர் அரசு அதிகாரிகளைப் பற்றி எழுதினார். எங்கள் சர்வர் அறைக்கும் அது அப்படியே பொருந்துகிறது.

இதற்கு எளிய பதில் ஒன்று உண்டு: ஒவ்வொருவரும் முழுமையையும் புரிந்துகொண்டு வேலை செய்ய வேண்டும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் முடியாது. முழுமையையும் ஒருவரால் பிடிக்க முடிந்திருந்தால் பிரித்திருக்கவே மாட்டோம். அணை, மண், நீர், கோட், கம்பைலர், நெட்வொர்க் எல்லாம் தெரிந்த ஒருவரை நான் பார்த்ததில்லை. அந்தப் பெரியவருக்கு எம்பிஐ என்றால் என்னவென்று தெரியாது. தெரிந்துகொள்ளும் உத்தேசமும் இல்லை. முழுமையையும் அறிந்திருப்பதைக் கடமையாக்கினால், எல்லோரும் எப்போதும் குற்றவாளிகள். அப்படியானால் யாரும் குற்றவாளி இல்லை என்றும் அர்த்தம். மீட்டிங்குகளில் வரும் "இது நம்ம எல்லாருடைய பொறுப்பு" என்ற வாக்கியம் செய்வது அதைத்தான்.

எனக்கு வழிகாட்டியது அந்தக் கரடுமுரடான பொதுக்கணக்குதான். மிதக்கும் துண்டிடம் முழு அணையையும் தெரிந்துகொள் என்று யாரும் கேட்பதில்லை. ஆறு எண்கள் கேட்கிறார்கள். ஆனால் அந்த ஆறிலிருந்து யாருக்கும் விலக்கு இல்லை. பக்கத்துத் துண்டோடு நான் ஒத்துப்போய்விட்டேன் என்று சொல்லித் தப்பிக்க முடியாது. நானும் நண்பனும் ஒத்துப்போயிருந்தோம், எங்கள் குறிப்புகள் ஒன்றுக்கொன்று மரியாதையோடு வழிவிட்டுக்கொண்டிருந்தன. இல்லாமல் போனது, முழு அணையைப் பற்றிய ஒரு மட்டமான சித்திரம். தண்ணீர் எவ்வளவு உயரம், மொத்தம் எத்தனை டன். எட்டு மாதத்தில் ஒருமுறை நான் அதைக் கேட்டிருந்தால் போதும். இரண்டாம் வருடம் படித்த சிவில்காரனுக்கு அரை நிமிட வேலை. என் வேலை பங்கு பிரிப்பது, தண்ணீரின் எடை என் டிபார்ட்மென்ட் இல்லை என்று நினைத்திருந்தேன்.

ஆகவே என் வரையில் பதில் இது. பிரிக்கப்பட்ட வேலையில் என் கடமை இரண்டு. என் துண்டு, அதோடு எனக்குத் தெரிந்த அளவில் முழுமையின் ஒரு கச்சாக் கணக்கு. இரண்டாவது துல்லியமாக இருக்க வேண்டியதில்லை. அதை வைத்து மற்றவர்களைக் கேள்வி கேட்க முடிந்தால் போதும். கணினியை எத்தனை பிராசசர்களுக்குப் பிரித்தாலும் பிரிக்க முடியாத பங்கு ஒன்று எப்போதும் மிஞ்சும் என்று ஜீன் ஆம்டால் 1967-இல் சுட்டிக்காட்டினார். அது 5 சதவீதம் இருந்தால், எத்தனை லட்சம் பிராசசர் சேர்த்தாலும் வேகம் 20 மடங்குக்கு மேல் போகாது. நாங்கள் அந்த 5 சதவீதத்தை ஒரு தொல்லையாகவே பார்த்துப் பழகியிருக்கிறோம். அதில் ஒரு பகுதியையாவது வேண்டுமென்றே வைத்துக்கொள்ள வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது.

7

அடுத்த நாள் மறுபடி மீட்டிங் கேட்டேன். எல்லோருக்கும் எழுத வேண்டும் என்றேன். வீரமாகச் சொல்லவில்லை. குரல் நடுங்கியது. பெரியவர் கேட்டதைச் சொன்னேன், முதல் மெயிலில் எண்களைப் பார்க்காமலே நான் பதில் எழுதியதையும் சொன்னேன். அதைச் சொன்ன பிறகு மற்றது எளிதாகிவிட்டது. மற்றவர்களும் தாங்கள் பார்க்காமல் விட்டவற்றைச் சொல்ல ஆரம்பித்தார்கள். அந்த வாரமே கடிதம் போனது. சிலர் நன்றி சொன்னார்கள், சிலர் கோபப்பட்டார்கள், சிலரிடமிருந்து பதிலே இல்லை. பதில் சொன்னவர்களில் யாருக்கும் எதையும் இடித்துக் கட்ட வேண்டியிருக்கவில்லை. அதில் எனக்குப் பெருமைப்பட ஒன்றுமில்லை. அது எங்களுக்குக் கிடைத்த அதிர்ஷ்டம்.

இப்போது எங்கள் மென்பொருளில் இரண்டு மாற்றங்கள் உண்டு. துண்டாக வெட்டுவதற்கு முன், முழு மெஷ்ஷிலேயே மொத்த பாரத்தை ஒரே ஒரு பிராசசர் மெதுவாகக் கூட்டி வைத்துக்கொள்ளும். ஆயிரம் பிராசசர்கள் அதற்காகச் சும்மா காத்திருக்கும். வேகத்தை அளந்து பார்க்கும் வாடிக்கையாளர்கள் இதைப் பற்றிப் புகார் சொல்வதுண்டு. இரண்டாவது, கணக்கை ஓட்டும் பொத்தானுக்கு மேலே ஒரு காலிப் பெட்டி: "மொத்த பாரம் எவ்வளவு வரும் என்று எதிர்பார்க்கிறீர்கள்?" மனக்கணக்காகப் போட்ட எண் போதும். 1 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் வந்தால் மென்பொருள் நின்று கேட்கும்.

இது ஸ்லைப்னரைக் காப்பாற்றியிருக்காது. அங்கே மொத்த பாரம் சரியாகவே இருந்திருக்கலாம், போனது ஒரு சுவரின் மூலையில். அந்த மாதிரிப் பிழைக்கு எந்தப் பெட்டி வைப்பது என்று நானும் நண்பனும் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம். இப்போது எங்கள் மேசைகள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன.

பெரும்பாலானவர்கள் அந்தப் பெட்டியைக் காலியாகவே விட்டுவிடுகிறார்கள். கட்டாயமாக்கலாமா என்று யோசித்தோம். கட்டாயமாக்கினால் எல்லோரும் 0 என்று தட்டிவிட்டுப் போவார்கள் என்று விட்டுவிட்டோம். போன மாதம் ஒரு ஃபைல் வந்தது. வேறொரு அணை, நீர் 30 மீட்டர், பிளாக் 12 மீட்டர். பெட்டியில் 5,400 என்று இருந்தது. யார் அனுப்பியது என்று பார்க்கவே வேண்டியிருக்கவில்லை. நானும் மனதுக்குள் ஒருமுறை போட்டுப் பார்த்துவிட்டுத்தான் ஓட விட்டேன்.